எழுத்துக்கும் தாலிக்கும் நடுவில் ஒரு ஒபிசர்

"மாமா, எழுத்துப் படத்தில நாங்கள் ரெண்டு பேரும் ஏன் தள்ளி நிக்கிறம் எண்டு கேட்டவையாம்."

போன கிழமை ஸ்காபரோவில் என் வீட்டுக் கதிரையில் இருந்துகொண்டு மருமகன் சொன்னது இது. மனிசி யாழ்ப்பாணத்தில். ஸ்பொன்சரை மறுத்துவிட்டார்கள். எழுத்து முடிந்து 7 மாதமாகியும் சேர்ந்து வாழவில்லையாம். படங்களில் நெருக்கம் தெரியவில்லையாம்.

பின்னை? பெரியப்பா, மாமா எல்லாரும் நிற்க, கட்டிப்பிடித்துக்கொண்டோ நிற்கிறது! (எங்கட கலியாண அல்பத்தைப் பார்த்தால் நானும் மனிசியும் ஏதோ காணி வழக்குக்கு வந்த ஆக்கள் மாதிரித்தான் இருப்பம்.)

எழுத்து சட்டத்துக்கு. குடும்பமாவது தாலி ஏறின பிறகு. பேப்பர் அலுவலைத் தொடங்கவேண்டும் என்று எழுத்தை முந்தி வைக்கிறோம். லீவு கிடைக்கும்போது போய்த் தாலிகட்டு. அதுவரை பெட்டை தாய்வீட்டில் இருப்பதுதான் எங்களுக்கு மரியாதை. ஒபிசருக்கு அதுதான் சந்தேகம்.

இன்னொரு சிக்கல், ஒரேயொரு சொல்லால் வந்தது. கனடாக் குடிவரவு விதிகளில் 4ஆம் பிரிவு. முந்தி, கலியாணமும் உண்மையில்லை, அது முக்கியமாகக் குடிவரவுக்காகவே செய்ததும் என்று இரண்டும் சேர்ந்தால்தான் மறுக்கலாம். 2010 செப்டெம்பரில் அதை 'அல்லது' ஆக்கினார்கள். இப்ப ஒன்று காணும். இன்றைக்கு எவ்வளவு அன்பாக இருந்தாலும், கட்டும்போது கனடாதான் முக்கிய நோக்கம் என்று ஒபிசர் நினைத்தால் சரி, முடிஞ்சுது.

எங்கட பேச்சுக்காலில் கனடா வராமல் இருக்குமோ? சாதகம், படிப்பு, வேலை, அதோடு 'கனடா சிற்றிசன்'. டொக்டர் மாப்பிள்ளை என்று பார்த்துக் கட்டினால் அந்தக் கலியாணம் பொய்யோ?

காசுக்குக் கள்ளக் கலியாணம் கட்டினவையும் இருக்கினம்தான், நான் மறைக்கேல்லை. ஆனால் அவையின்ர அல்பம் நல்ல வடிவாக இருக்கும். கடற்கரை, கேக், தோளில கை. நடிக்கிறவனுக்கு என்ன காட்டவேணும் என்று தெரியும். மாட்டுப்படுவது கூச்சப்படுகிற சனம்தான்.

அப்பீலுக்கு 30 நாள். இன்னும் 22 மிச்சம். ஆராவது இப்படி அப்பீல் செய்து வென்றிருந்தால் பின்னூட்டத்தில் சொல்லுங்கோ. மருமகன் வாட்ஸ்அப்பில் கதைத்ததை எல்லாம் அச்சடித்துக்கொண்டு இருக்கிறான். எட்டிப் பார்த்தேன்.

"சாப்பிட்டனீரோ?"

"ஓம். நீங்கள்?"

"ஓம்."

இப்படியே 50 பக்கம்.