தொண்டையில் சிக்காத முள்

மீன் சமைக்காத வீட்டிலும் சிலருக்குத் தொண்டையில் முள் சிக்கியது போன்ற உணர்ச்சி உண்டாகும். விழுங்கினால் குத்தும்; கொட்டாவி விட்டால் காதுக்குள் பாயும்; தாடையும் கன்னமும் நோகும். எம் குடியிருப்பில் வாழும் தமிழ் அம்மையார் ஒருவர் ஈராண்டுக் காலம் இவ்வாறு வருந்தினார். அவர் இந்தி அறியார். உடன் செல்லும் கணவரோ 'கலே மே தர்த்' என மூன்றே சொற்களில் முடித்துவிடுவார். வைத்தியர் தொண்டைப் புண்ணுக்கு மாத்திரை கொடுத்தார். பல் வைத்தியர் கடைவாய்ப்பல் ஒன்றைப் பிடுங்கினார். பல் போயிற்று, வலி போகவில்லை.

தொலைந்த சரக்குக்கு நஷ்டஈடு கோரும் மனுக்களைப் பார்ப்பது எமது தொழில். நிலையமும் தேதியும் குறிக்காத மனு மேசைக்கு மேசை அலையும். வலியும் அத்தகையதே.

பின்னர், இந்தி அறிந்த தமிழ்ப் பெண் ஒருவர் துணை சென்றார். அம்மையார் வலது புறம் என்றும், விழுங்கும்போதும் தலையைத் திருப்பும்போதும் என்றும் விரிவாகச் சொல்ல, அவர் அதனை அப்படியே எடுத்துரைத்தார். அதன் பின்னரே காது மூக்குத் தொண்டை வைத்தியருக்கு உண்மை புலப்பட்டது.

மண்டையோட்டின் அடியில், காதுக்குக் கீழே, இருபுறமும் எழுத்தாணி போன்ற மெல்லிய எலும்பு ஒன்று இறங்குகிறது. ஸ்டைலாய்ட் என்பது அதன் பெயர். சாதாரணமாக அது சுமார் 25 மில்லிமீட்டர் இருக்கும். 30-க்கு மேற்பட்டால் நீண்டது என்பர். சிலருக்கு எலும்பே நீளும். சிலருக்கு அதைத் தொடரும் தசைநார் சுண்ணமேறி இறுகும். அது அருகிலுள்ள நரம்பையோ இரத்தக் குழாயையோ உறுத்துவதே துன்பத்திற்குக் காரணம். அமெரிக்க வைத்தியர் வாட் ஈகிள் 1937-இல் இதனை விளக்கி எழுதியமையால் ஈகிள் நோய் எனப்படுகிறது.

கண்டறிய முதற்கருவி வைத்தியரின் விரலே. டான்சில் பள்ளத்தை மெல்ல அழுத்தினால் கடினமான முனை தட்டுப்படும். பழகிய அதே வலி எழும். அங்கே மரத்துப்போகும் ஊசி போட்டதும் வலி தணிந்தால் ஐயம் வலுப்படும். தாடை முழுவதையும் காட்டும் எக்ஸ்ரே நீளத்தைத் தெரிவிக்கும், சி.டி. ஸ்கேன் அது சாய்ந்துள்ள திசையையும் காட்டும். ஆயினும் நீண்ட எலும்பு உடையோரில் மிகப் பலர் வலியே அறியாதவர். ஆதலால் படத்தை மட்டும் நம்பிக் கத்தியை நாடுதல் தகாது. தொண்டைக் கட்டி முதலிய வேறு காரணங்கள் இல்லையென்பதையும் முதலில் உறுதி செய்துகொள்ள வேண்டும். மருந்தால் அடங்காவிடின், வாய்வழியாகவோ கழுத்து வழியாகவோ எலும்பைக் குறைப்பர். அம்மையாருக்கு இதுவரை மருந்தே போதுமாயிருக்கிறது.

வைத்தியரிடம் செல்லுமுன் எந்தப் பக்கம், எந்த அசைவில், எத்தனை காலமாக, டான்சில் எடுத்ததுண்டா என்பனவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள். இந்தியில் எடுத்துரைக்க நம் சங்க மகளிர் இருவர் உடன்வர இசைந்துள்ளனர். வேண்டுவோர் முந்தின நாள் மாலைக்குள் செயலாளரிடம் சொல்லி வைக்கலாம்.