இரண்டு பேருக்கு ஒரு மேஜை

கொஞ்சம் நீளமான பதிவு. வேலையெல்லாம் முடித்துவிட்டு நிதானமாகப் படியுங்கள்.

என்னிடம் ஐந்தாம் வகுப்பு படித்த பிள்ளைகளில் பலருக்கு இப்போது முப்பத்தைந்து, நாற்பது வயது. சென்ற மாதம் அவர்களில் இரண்டு பேர் தனித்தனியாக ஒரே கேள்வியைக் கேட்டார்கள். "டீச்சர், கல்யாண நாள் வருது. நம்ம சென்னையில ரொமான்டிக்கான ரெஸ்டாரண்ட் ஒண்ணு சொல்லுங்களேன்." கூட்டல் கழித்தல் சொல்லிக்கொடுத்த டீச்சரிடம் கேட்கிற கேள்வியா இது என்று சிரித்துக்கொண்டேன். ஆனால் கேட்டது எனக்குப் பிடித்திருந்தது.

அதே மாதம் எங்கள் உறவினர் வாட்ஸ்அப் குழுவில் ஒரு பஞ்சாயத்து. ஒரு வீட்டில் மகனும் மருமகளும் பிள்ளைகளைப் பாட்டியிடம் விட்டுவிட்டு, இரண்டு பேர் மட்டும் ராத்திரி ஹோட்டலுக்குப் போய்விட்டார்களாம். "இதுக்கு டேட் நைட்டுன்னு பேராம். வீட்டுல பேசாததை அப்படி என்ன ஹோட்டல்ல போய்ப் பேசணும்?" என்று ஒருவர் கேட்டிருந்தார். கீழே பத்துப் பன்னிரண்டு பேர் கட்டைவிரல் காட்டியிருந்தார்கள்.

இரண்டு கேள்விக்கும் என் பதில் ஒன்றுதான். வீட்டில் பேச முடியாததைப் பேசத்தான் போக வேண்டும். அப்படிப் பேச முடிகிற இடம்தான் ரொமான்டிக்கான ரெஸ்டாரண்ட். மெழுகுவர்த்தி, ரோஜாப்பூ, மொட்டைமாடி விளக்குத் தோரணம் எல்லாம் அதற்குப் பிறகுதான்.

இது நேற்று வந்த பழக்கம் என்று பெரியவர்கள் நினைக்க வேண்டாம். நம் காலத்து ஹோட்டல்களில் 'பேமிலி ரூம்' என்று பலகை மாட்டியிருக்குமே, மறந்துவிட்டதா? ஒரு ஓரமாக மரத்தடுப்பு வைத்து, திரைச்சீலை தொங்கவிட்டு, நாலு நாற்காலி போட்டிருப்பார்கள். புதிதாகக் கல்யாணமானவர்கள் அதில் போய் உட்கார்ந்து ஆளுக்கொரு மசால் தோசை சொல்லிவிட்டு முக்கால் மணி நேரம் பேசிக்கொண்டிருந்ததை நான் பார்த்திருக்கிறேன். குழுவில் கட்டைவிரல் காட்டியவர்களில் சிலரும் அப்படி உட்கார்ந்தவர்கள்தான். பெயர் சொல்ல மாட்டேன்.

நான் 1985-ல் கல்யாணமாகிப் பெரம்பூர் வந்தேன். இரண்டு அறை வீட்டில் ஒன்பது பேர். நல்ல மனிதர்கள், குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் புருஷன் பெண்டாட்டி ஒரு விஷயத்தைத் தொடங்கி முடிக்க இடம் இருக்காது. அதனால் சம்பளம் வந்த வாரத்துச் சனிக்கிழமை 29சி பஸ் பிடித்து, கதீட்ரல் ரோட்டில் இருந்த உட்லண்ட்ஸ் டிரைவ்-இன் போவோம். கார்க்காரர்களுக்குக் கார் கதவிலேயே தட்டு மாட்டிப் பரிமாறுவார்கள். எங்களிடம் கார் ஏது? உள்ளே மேஜையில் உட்கார்ந்து டிபன், காபி. வெளியே பெரிய பெரிய மரங்கள். எழுந்திரு என்று யாரும் முகத்தைக் காட்ட மாட்டார்கள்.

கொழுந்தனார் படிப்புக்கு எவ்வளவு கொடுப்பது, தனிக்குடித்தனம் போவதா, என் நகையை அடகு வைப்பதா, இரண்டாவது குழந்தை இப்போதா பிறகா என்று எங்கள் வாழ்க்கையின் பெரிய முடிவுகள் பலவும் அங்கேதான் எடுக்கப்பட்டன. வீட்டில் பேசியிருந்தால் ஒன்பது பேரும் அபிப்பிராயம் சொல்லியிருப்பார்கள். அந்த ஹோட்டல் 2008-ல் மூடப்பட்டது. அந்த இடத்தில் 2010-ல் செம்மொழிப் பூங்கா வந்தது. என் வீட்டுக்காரரும் இப்போது இல்லை. அங்கே என்ன சாப்பிட்டோம் என்பது பாதி மறந்துவிட்டது. என்ன பேசினோம் என்பது வரிக்கு வரி நினைவிருக்கிறது.

இனி, கேட்ட பிள்ளைகளுக்கு இடம் தேர்ந்தெடுக்கிற விஷயம். டீச்சர் அல்லவா, நம்பர் போட்டே சொல்கிறேன்.

1. முதலில் காது, பிறகு கண். கடைசி பெஞ்சுப் பிள்ளைக்குக் கேட்க நான் கத்த வேண்டியிருந்தால் அன்றைக்கு அந்த வகுப்பில் பாடம் நடக்காது. உணவகமும் அப்படித்தான். எதிரில் இருப்பவரிடம் இரண்டு தடவை "என்ன?" என்று கேட்க வேண்டியிருந்தால் மூன்றாவது தடவை சொல்லவே தோன்றாது. நிறைய பணம் கொடுத்துவிட்டு ஸ்பீக்கருக்குக் கீழே உட்கார்ந்து ஆளுக்கொரு போனைப் பார்க்கிற ஜோடிகளை நிறையப் பார்த்துவிட்டேன். முன்கூட்டியே போன் செய்து இரண்டு கேள்வி கேளுங்கள்: அன்றைக்குப் பாட்டுக் கச்சேரி உண்டா? பிறந்தநாள் பார்ட்டி ஏதாவது புக் ஆகியிருக்கிறதா?

2. மேஜையையும் கேட்டு வாங்குங்கள். கை கழுவும் இடத்துக்குப் பக்கத்திலும், சமையலறைக் கதவுக்கு எதிரிலும், டிவிக்கு நேராகவும் வேண்டாம். கிரிக்கெட் ஓடுகிற டிவிக்கு எதிரே எந்தக் கணவனும் பெண்டாட்டி சொல்வதை முழுதாகக் கேட்டதில்லை. மூலை மேஜை கிடைத்தால் விடாதீர்கள்.

3. பஃபே வேண்டாம். சொந்தபந்தம் எல்லாரும் போகும்போது அது சரி. இரண்டு பேர் போனால், ஒருவர் உட்காரும்போது மற்றவர் தட்டோடு எழுந்து போவார். கொடுத்த காசுக்குச் சாப்பிட வேண்டுமே என்கிற கவலை வேறு. அதைவிட ஒரு சூப்பைப் பை-டூ சொல்லி இரண்டு கிண்ணத்தில் வாங்கிக் குடிப்பதில் நெருக்கம் அதிகம்.

4. நாள் பார்த்துப் போங்கள். சனி, ஞாயிறு இரவு நல்ல இடத்திலெல்லாம் வாசலில் வரிசை. நாம் சாப்பிடும்போதே அடுத்த ஆள் நாற்காலிக்குப் பக்கத்தில் நிற்பார். கல்யாண நாள் சனிக்கிழமை வந்தால் செவ்வாய், புதன் கொண்டாடுங்கள், ஒன்றும் குறைந்துவிடாது. அசைவம் சாப்பிடுகிறவர்கள், புரட்டாசியில் விரதம் இல்லையென்றால், அந்த மாதம் போய்ப் பாருங்கள். பிரியாணிக் கடையில்கூட நிம்மதியாக உட்காரலாம். பிப்ரவரி 14 அன்று மட்டும் வீட்டிலேயே இருங்கள். அன்றைக்குப் பல இடங்களில் தனி மெனு, தனி விலை.

5. ருசியான இடம் எல்லாம் பேசுகிற இடம் இல்லை. மயிலாப்பூரில் ராயர் மெஸ் இட்லி எனக்கு உயிர். ஆனால் அது சாப்பிட்டுவிட்டு அடுத்தவருக்கு இடம் விட வேண்டிய இடம். பேச வேண்டுமானால் கபாலீஸ்வரர் கோயில் குளத்தை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, பெரிய ஹோட்டல் ஒன்றின் ஏசி ஹாலுக்குப் போங்கள். அங்கே கூடுதலாக வாங்குகிற காசு தோசைக்கு இல்லை, அமைதிக்கு என்று நினைத்துக்கொள்ளுங்கள். தோட்டமும் மரமும் வேண்டும் என்பவர்களுக்கு ராயப்பேட்டை ஒயிட்ஸ் ரோட்டில் அமெதிஸ்ட் இருக்கிறது. முழுச் சாப்பாடு கட்டுப்படியாகாது என்றால் சாயங்காலம் போய்க் காபி மட்டும் சாப்பிடலாம். பழைய மெட்ராஸ் பாணி பிடிக்குமென்றால் தேவி தியேட்டரில் படம் பார்த்துவிட்டு, அண்ணா சாலையிலேயே 1951 முதல் இருக்கிற புஹாரிக்குப் போகலாம். கையில் காசு குறைவா? பெசன்ட் நகர் கடற்கரையில் ஒரு மணி நேரம் நடந்துவிட்டு, பக்கத்தில் ஆளுக்கொரு டிபன். 500 ரூபாய்க்குள் முடிந்துவிடும்.

6. பில்லைப் பார்த்து முகம் சுருங்கக் கூடாது. அதற்குக் கணக்குத் தெரிய வேண்டும். சாதாரண உணவகத்தில் ஜிஎஸ்டி 5 சதவீதம். ஒரு நாள் அறை வாடகை 7,500 ரூபாய்க்கு மேல் வாங்குகிற நட்சத்திர ஹோட்டலுக்குள் இருக்கும் உணவகமென்றால் 18 சதவீதம். அதாவது மெனுவில் 2,000 என்று கூட்டிப் பார்த்தது 2,360 ஆகும். சர்வீஸ் சார்ஜ் என்று தனியாகப் போட்டால் அது கட்டாயம் இல்லை. மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையிலேயே சொல்லிவிட்டது, டெல்லி உயர் நீதிமன்றமும் 2025 மார்ச்சில் அதைச் சரி என்றது. எடுத்துவிடுங்கள் என்று மரியாதையாகச் சொன்னால் போதும். மறுத்தால் 1915 என்ற நுகர்வோர் உதவி எண் இருக்கிறது. பரிமாறிய பையன் நன்றாகக் கவனித்தானா? அவன் கையில் ஐம்பதோ நூறோ நேராகக் கொடுங்கள்.

ஆண் பிள்ளைகளுக்குத் தனியாக ஒன்று. பல வீடுகளில் கடைசியாகச் சாப்பிடுகிறவள் அவள்தான். எல்லாருக்கும் தோசை வார்த்து முடித்து, தனக்கு வார்க்கும்போது சட்னி தீர்ந்திருக்கும். அவளைப் பொறுத்தவரை ஹோட்டல் என்றால் சூடாக, முதல் ஆளாக, இன்னொருவர் பரிமாறச் சாப்பிடுவது. அதனால் உங்களுக்குப் பிடித்த இடத்துக்குக் கூட்டிப்போய் சர்ப்ரைஸ் என்று சொல்லாதீர்கள். "எங்க போகலாம்?" என்று கேட்டால் "உங்க இஷ்டம்" என்பாள். அதைப் பதிலாக எடுத்துக்கொள்ள வேண்டாம். வருஷக்கணக்காக யாரும் கேட்காததால் வந்த பழக்கம் அது. இரண்டு இடத்தின் பெயரைச் சொல்லி எது என்று கேளுங்கள். மெனு கார்டை முதலில் அவள் கையில் கொடுங்கள். அவள் சைவம், நீங்கள் அசைவம் என்றால் அன்றைக்கு ஒரு நாள் சைவத்துக்குப் போங்கள், உடம்பு இளைத்துவிடாது.

உட்கார்ந்த பிறகு பிள்ளைகளின் மார்க், மாமியார், இஎம்ஐ எல்லாம் பேசலாம், தப்பில்லை. நாங்களும் அடகுக் கடை பற்றித்தான் பேசினோம். ஆனால் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டுப் பேசுங்கள். சாப்பாட்டை ஒரு படம் எடுங்கள், போதும். எனக்கு அனுப்ப வேண்டாம்.

இன்னும் கல்யாணம் ஆகாத பிள்ளைகளும் இதைப் படிப்பீர்கள். உங்களை நான் கண்டிக்கப் போவதில்லை. ஒருவரைப் பழகித் தெரிந்துகொண்டு முடிவெடுப்பது நல்லதுதான். ஆட்கள் வந்து போகிற இடமாகப் பாருங்கள். எங்கே இருக்கிறோம் என்று நம்பிக்கையான ஒருவருக்குச் சொல்லிவிட்டுப் போங்கள். திரும்பி வர உங்கள் பர்சில் காசு இருக்கட்டும். பரிமாறுகிறவரிடம் அந்த மனிதர் எப்படிப் பேசுகிறார் என்று கவனியுங்கள். ஜாதகத்தில் தெரியாத சில விஷயம் அதில் தெரியும்.

கடைசியாக என் வயதுக்காரர்களுக்கு. பேரப்பிள்ளைகளை மூன்று மணி நேரம் பார்த்துக்கொள்வது நமக்குப் பெரிய பாரமா? முட்டி வலி எனக்கும் இருக்கிறது. ஒரு கதை சொன்னால், இரண்டு தோசை வார்த்துக் கொடுத்தால் தூங்கிவிடும் பிள்ளைகள். அந்த மூன்று மணி நேரத்தில் அவர்கள் ஒரு மனஸ்தாபத்தைப் பேசித் தீர்த்துக்கொண்டு வந்தால் லாபம் யாருக்கு? பேசாமல் உள்ளேயே வைத்துப் புழுங்கி, பிறகு வக்கீல் ஆபீஸ் வாசலில் போய் நின்ற இரண்டு கல்யாணங்களை நம் உறவிலேயே பார்த்திருக்கிறோம். அப்போது "முன்னாடியே பேசியிருக்கலாமே" என்று சொன்னவர்களும் நாம்தான். பேச இடம் கொடுத்தோமா?

ஆகவே, பஞ்சாயத்து வைத்த உறவுகளே, மகனும் மருமகளும் அடுத்த தடவை தயங்கித் தயங்கி வந்து நிற்பார்கள். அவர்கள் கேட்பதற்கு முன்னால் நீங்களே சொல்லிவிடுங்கள்: "பிள்ளைங்களை நான் பாத்துக்கறேன், போயிட்டு மெதுவா வாங்க." கதவைத் திறக்க யாராவது விழித்திருக்க வேண்டுமே என்று கவலை வேண்டாம். சாவியைக் கொடுத்து அனுப்புங்கள்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்