அடுப்பு பிரிந்தது இன்று நேற்றல்ல

"அந்தக் காலத்தில் எல்லோரும் கூட்டுக்குடும்பம். பெண்கள் வேலைக்குப் போனார்கள், குடும்பம் உடைந்தது." இருபது வருடமாகக் கருத்தரங்குகளில் இதைக் கேட்டுக் காது புளித்துவிட்டது. போன மாதமும் ஒரு பேராசிரியர் இதையே ஆய்வு முடிவாக வாசித்தார். அரங்கம் கைதட்டியது.

எந்தக் காலத்தில்? குஜராத்தின் ராத்வணஜ் கிராமத்தில் 1825-இல் எடுத்த வீட்டுக் கணக்கைச் சமூகவியலாளர் ஏ.எம்.ஷா ஆராய்ந்தார். கூட்டுக்குடும்பங்களைவிடச் சிறு குடும்பங்களே அங்கு அதிகம். அவர் நூல் வந்தது 1973-இல். இந்த ஐம்பது வருடத்தில் அதைப் புரட்டிப் பார்க்க இவர்களுக்கு நேரம் கிடைக்கவில்லையா? கூட்டுக்குடும்பம் கங்கைச் சமவெளியில் கூடுதல், தெற்கே குறைவு என்று மானிடவியலாளர் பாலின் கோலெண்டா 1968-லேயே எழுதிவிட்டார். மேற்கத்திய நாகரிகம் கெடுத்தது என்கிறார்கள்; 1825-இல் ராத்வணஜுக்கு ரயில்கூடக் கிடையாது.

முதியோர் இல்லங்களைக் காட்டி, "முன்பு பெற்றவர்களைத் தாங்கினார்கள்" என்று உருகுகிறார்களே, அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. எங்கள் வீட்டுத் தகரப் பெட்டியில் 1934-ஆம் வருடத்துப் பாகப்பத்திரம் இருக்கிறது. அண்ணன் தம்பி மூன்று பேர். காட்டை அளந்து பிரித்திருக்கிறார்கள். கிணற்றில் யார் எந்த நாள் இறைப்பது என்று முறை வைத்திருக்கிறார்கள். தென்னைகளை எண்ணி, பித்தளை அண்டா மூத்தவனுக்கு என்று எழுதியிருக்கிறார்கள். அதற்கடுத்த வரியில் தாயார். ஆளுக்கு நான்கு மாதம் சோறு, வருடத்துக்கு இரண்டு சேலை. எந்த மகன் தவறினாலும் ஈடாக நெல் அளக்க வேண்டும். பத்திரத்தின் அடியில் அந்தக் கிழவியின் கைநாட்டு, மை கொஞ்சம் இழுபட்டு நிற்கிறது. அந்த மூன்று மருமகள்களில் ஒருத்தியும் வேலைக்குப் போனவள் அல்ல.

சோறு போட மாட்டார்கள் என்ற பயம் இல்லாமலா அதை முத்திரைத்தாளில் எழுதி வாங்கினார்கள்? 'பாகப்பிரிவினை' என்ற பெயரில் 1959-இல் படமே வந்தது.

அடுப்பை மட்டும் எண்ணிக் குடும்பத்தை அளக்காதீர்கள், சொத்தும் சடங்கும் கடமையும் யாரோடு யாரைக் கட்டுகின்றன என்று பாருங்கள் என்பதை சமூகவியலாளர் ஐ.பி.தேசாய் குஜராத்தின் மஹுவா ஊர் ஆய்வில் 1964-இல் காட்டினார். நம் ஆய்வு மாணவர்கள் போக வேண்டிய வழி அது.

தனிக்குடித்தனம் கேட்ட பெண்ணைக் குடும்பத்தைக் கெடுத்தவள் என்று மேடையில் பேசுமுன், ஐயா, உங்கள் வீட்டுப் பெட்டியில் இருக்கும் பாகப்பத்திரத்தை ஒருமுறை எடுத்துப் படியுங்கள்.