றோட்டுக்கு ஏற்ற நாய் எது?

போன மாதம் எங்கட அறையில் '777 சார்லி' படத்தை இரண்டாம் தடவை பார்த்தோம். 2022 இல் வந்த கன்னடப் படம், தமிழிலும் குரல் மாற்றி வந்தது. தனியாக இருக்கிற ஒருத்தனிடம் ஒரு லப்ரடோர் நாய் வந்து சேருகிறது. அதற்குப் பனியைக் காட்டவேணும் எண்டு மைசூரில் இருந்து வடக்கே இமயம் வரைக்கும் மோட்டார் சைக்கிளில் கொண்டு போகிறான். படம் முடிய, எங்களில் ஒருத்தன் கண்ணைத் துடைச்சுக்கொண்டே கேட்டான்: "மச்சான், கம்பஸ் முடிய நானும் ஒரு நாயோட இலங்கையைச் சுத்தப் போறன். றோட்டில கொண்டு திரிய என்ன சாதி நாய் நல்லம்?"

விடியும் வரைக்கும் சண்டை. அந்தச் சண்டையில் எங்களுக்குப் பிடிபட்டதைத்தான் இங்கே எழுதுகிறோம்.

முதலில் ஹஸ்கி. ரிக்ரொக்கில் நீலக் கண்ணோடு வருகிற அந்த அழகில் எங்களுக்கும் ஆசைதான். ஆனால் அது சைபீரியாவில் பனியில் வண்டி இழுக்க வளர்த்தெடுத்த நாய். அதன் உடம்பில் இரண்டு அடுக்கு மயிர். நாய்க்கு எங்களைப்போல உடம்பெல்லாம் வேர்க்காது. பாதத்தில் கொஞ்சம் வேர்க்கும், மற்றப்படி நாக்கைத் தொங்கவிட்டு இளைச்சுத்தான் சூட்டை இறக்கவேணும். சித்திரை மாத மத்தியானத்தில் மாங்குளத்துக்கும் கிளிநொச்சிக்கும் இடையில் ஏ9 தாரில் செருப்பில்லாமல் ஒருக்கால் நடந்து பாருங்கோ. பிறகு ஹஸ்கியைப் பற்றிக் கதைப்பம்.

ஜேர்மன் ஷெப்பேர்ட், எங்கட ஊரில் அல்சேசன். 1899 இல் ஜேர்மனியில் பதிவு தொடங்கிய இனம். கெட்டிக்கார நாய், மறுக்கவில்லை. ஆனால் இடுப்பு மூட்டு வருத்தம் அந்த இனத்தோடு கூடப் பிறந்தது. லப்ரடோர் தங்கமான குணம், ஆனால் தீனிக்கு அளவில்லை, கெதியில் கொழுத்துப்போகும். சார்லி படத்திலேயே அந்த நாய் ஏன் சாகக் கிடக்கிறது? கூட்டுக்குள் அடைச்சு வைத்து, ஒரே இரத்தத்துக்குள் குட்டி போடவைத்த வியாபாரத்தால். படத்தைப் பார்த்து அழுதுவிட்டு அதே வியாபாரத்திடம் காசு குடுக்கப் போனால் எங்களுக்குப் படம் விளங்கேல்லை எண்டுதான் அர்த்தம்.

"அப்ப ராஜபாளையம் எடுப்பம், தமிழ் நாய்" எண்டான் ஒருத்தன். இந்தியா 2005 இல் முத்திரையே வெளியிட்ட நாய் அது. சிப்பிப்பாறையும் நல்ல ஓட்டக்காரன். ஆனால் கடல் தாண்டிக் கொண்டுவந்து வைத்திருக்க எங்களிட்ட என்ன இருக்கு? மகாபொலக் காசில் அறை வாடகை கட்டி மிச்சத்தில் கொத்து சாப்பிடுகிற ஆக்கள் நாங்கள்.

அந்த நேரத்தில்தான், அதுவரைக்கும் பேசாமல் இருந்த எங்கட தோழி ஒருத்தி வாயைத் திறந்தாள். "றோட்டில நாயோட திரிஞ்ச கதை எண்டா எங்கட அம்மம்மாவைக் கேளுங்கோ."

அவளுக்கு 2009 இல் ஐந்து வயது. எங்களில் வன்னிப் பிள்ளைகள் எல்லாருக்கும் கிட்டத்தட்ட அதே வயதுதான். 2008 கடைசியில் உருத்திரபுரத்தில் இருந்து லாண்ட்மாஸ்ரரில் சாமான் ஏத்திக்கொண்டு வெளிக்கிட்ட குடும்பம் அது. தருமபுரம், விசுவமடு, சுதந்திரபுரம், இரணைப்பாலை. பரந்தன் முல்லைத்தீவு றோட்டுத்தான் அப்ப சனத்தின் வீடு. அவர்களின் நாய்க்கு வீரன் எண்டு பேர், செம்மண் நிறம், சாதாரண ஊர் நாய். ஒருத்தரும் அதை ஏத்தேல்லை. பெட்டிக்குப் பின்னால் தானே ஓடி வந்தது. கிடைச்ச கஞ்சியைக் குடிச்சது. கிடைக்காத நாளில் தானே தேடித் திண்டது. செல் வருகிற சத்தத்துக்கு ஆக்களுக்கு முதல் பதுங்குகுழிக்குள் பாயுமாம். அதைப் பார்த்துப் பிள்ளைகளும் பாய்வினமாம்.

இரணைப்பாலைக்குப் பிறகு வீரன் என்ன ஆனது எண்டு கேட்டால் அம்மம்மா ஒரு சொல்லுத்தான் சொல்லுவா: "கழட்டி விட்டனான்." அதுவரைக்கும் கட்டாத நாயை அங்க ஏன் கட்டினவ, எப்ப கழட்டினவ எண்டு இவள் இண்டைக்கும் கேட்கவில்லை. பிறகு முகாம், செட்டிகுளம். 2010 இல் திரும்பி வந்தபோது பற்றை மூடின வளவில் ஒரு நாய் நிண்டதாம். ஆர் வீட்டு நாயோ தெரியாது. ஊரில் சனமே இல்லாத காலம் முழுக்க அது எதைத் திண்டு இருந்ததோ அதுவும் தெரியாது. அம்மம்மா ஒண்டும் கேட்காமல் சோறு வைத்தா. இண்டைக்கும் அந்த வளவில் அந்த நாயின் பரம்பரைதான். சங்கிலி மட்டும் அந்த வீட்டில் இல்லை.

இந்தக் கதைக்குப் பிறகு எங்களுக்கு "என்ன சாதி நாய்" எண்ட கேள்வி வாயில் வரேல்லை. யோசித்துப் பாருங்கோ, அந்தச் சொல்லே பிழை. விலை குடுத்து வாங்கினது "சாதி நாய்", மற்றது "பறநாய்". வெள்ளைக்காரனும் இந்த ஊர் நாய்க்கு "பரையா டோக்" எண்டு எங்கட சாதிப் பேரைத்தான் எடுத்து வைத்தான். மனிசருக்கு வைத்த அழுக்கை நாய்க்கும் பூசியிருக்கிறோம். கலைப்பீடத்தில் சாதியைப் பற்றி ஒப்படை எழுதுகிற நாங்களே அறையில் அந்தச் சொல்லைக் கூசாமல் சொன்னோம். அதுக்கு வெட்கப்படுகிறோம்.

ஆகவே எங்கட பதில்: றோட்டுக்கு ஏற்ற நாய் ஊர் நாய்தான். இந்த வெயிலுக்கும் தண்ணிக்கும் பழகின குட்டை மயிர். ஓடுவதற்கு அளவான உடம்பு. காலபோகத்தில் வயல் விதைக்க, மேய்ச்சல் தரை இல்லாமல் மாட்டுப் பட்டியை ஊர் ஊராகச் சாய்த்துக்கொண்டு போகிற ஆக்களைப் பாருங்கோ. பட்டிக்குப் பின்னால் போகிற நாய் எது? யானைக்குக் காவல் இருக்கிற கொட்டிலில் முதலில் குரைக்கிற நாய் எது? வன்னியில் றோட்டு வாழ்க்கைக்கு நாய் தெரிவு செய்து எத்தனையோ காலம்.

வெளிநாட்டு நாய்கள் வன்னியில் வேலை செய்யவில்லையா எண்டு கேட்கலாம். செய்தன. கண்ணிவெடி மணந்து பிடிக்க வந்த நாய்களுக்கு நாங்கள் நன்றி சொல்லத்தான் வேணும். ஆனால் அவற்றுக்குப் பயிற்றுநரும் மருத்துவரும் நிழற்கூடும் சேர்ந்து வந்தன. எங்கட நண்பனிட்ட இருக்கிறது ஒரு பழைய பல்சர்.

ஊர் நாயில் பிழையே இல்லை எண்டும் நாங்கள் சொல்லவரேல்லை. பஸ்ஸைக் கண்டால் துரத்தும். சொன்ன உடனே கேட்காது. கட்டாயம் விசர்நாய்த் தடுப்பூசி போடவேணும், வருசா வருசம். 2006 இல் இருந்து இந்த நாட்டில் தெருநாயைப் பிடித்துக் கொல்லுவதில்லை எண்டது அரச கொள்கை. அப்படியெண்டால் தடுப்பூசியும் கருத்தடையும்தான் மிச்ச வழி. ஆனால் இண்டைக்கும் பெட்டைக் குட்டிகளை உரப்பையில் கட்டிச் சந்தையடியில் விட்டுட்டுப் போகினம். கடுவன் குட்டிக்கு ஆள் இருக்கு, பெட்டைக்கு இல்லை. கொஞ்ச நாளில் அதில் பாதி ஏ9 இல் நசுங்கிக் கிடக்கும். இயக்கச்சியில் சிவபூமி அறக்கட்டளையின் நாய்கள் சரணாலயம் இருக்கிறது, நல்ல விசயம். எண்டாலும் எல்லாக் குட்டியையும் ஒரு சரணாலயம் தாங்குமா?

நண்பனுக்கு நாங்கள் சொன்னது இதுதான். சந்தையடிக்குப் போ. உரப்பைக்குள் இருக்கிற ஒரு பெட்டைக் குட்டியை எடு. ஊசி போடு, வயது வரக் கருத்தடை செய். முதலில் சைக்கிளில் பழக்கு, பிறகு மோட்டார் சைக்கிளில் ஏத்து. மத்தியானத்தில் ஓடாதே, நிழலில் நிப்பாட்டித் தண்ணி வை. ஊர் சுத்தி முடிய உனக்கு வேலை கிடைச்சாலும், கலியாணம் நடந்தாலும், வெளிநாட்டு விசா வந்தாலும் அந்த நாய்க்கு ஒரு வளவு இருக்கவேணும். அதை இப்பவே யோசி.

எங்கட அம்மம்மாமார் வேறை வழியில்லாமல் கழட்டி விட்டவை. எங்களுக்கு வழி இருக்கு.

அவன் போன சனிக்கிழமை ஒண்டை எடுத்திட்டான். கறுப்பு, ஒரு காதில் மட்டும் வெள்ளை. இன்னும் பேர் வைக்கேல்லை.