தாய்மையின் விலையை மறைக்காத பாடகி

பெண் கலைஞர்களைப் பேட்டி காணச் செல்லும் எமது பத்திரிகையாளர்களிடம் வழிவழியாக வந்த கேள்வியொன்று உண்டு. 'குடும்பப் பொறுப்புகளுக்கு மத்தியில் கலைக்கு எவ்வாறு நேரம் ஒதுக்குகிறீர்கள்?' ஆண் கலைஞர் எவரிடமும் இது கேட்கப்பட்டதை எனது நீண்டகாலப் பத்திரிகைத் தொழிலில் நான் கண்டதில்லை. தாய்மையும் கலையும் ஒன்றுடனொன்று மல்லுக்கட்டுபவை என்ற எண்ணமே இக்கேள்விக்கு அடிப்படை. லொரெட்டா லின்னின் வாழ்க்கையை அறிந்தவர்கள் அவ்வாறு இலகுவில் கேட்கமாட்டார்கள்.

'கன்ட்ரி' எனப்படும் அமெரிக்கக் கிராமிய இசை என்றதும் இலங்கையில் பலருக்கும் ஜிம் ரீவ்ஸின் பெயரே நினைவுக்கு வரும். லொரெட்டா அவரைப் போன்று பட்டுக் குரலில் பாடியவர் அல்லர். கென்டக்கி மாநிலத்தின் மலைக் கிராமமொன்றில் 1932 ஏப்ரலில் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளி ஒருவரின் மகளாகப் பிறந்தவர். பதினைந்து வயதில் திருமணம். இருபது வயதளவில் நான்கு குழந்தைகளுக்குத் தாய். வீட்டில் அவர் பாடுவதைக் கேட்ட கணவர் 1953 இல் 17 டொலருக்கு ஒரு கிற்றாரை வாங்கிக் கொடுத்தார். வாசித்தும் எழுதியும் தாமாகவே கற்றுக்கொண்டார். முதல் இசைத்தட்டு வெளிவந்தது 1960 இல். கணவனும் மனைவியும் காரில் ஏறி வானொலி நிலையம் வானொலி நிலையமாகச் சென்று அதை ஒலிபரப்புமாறு கேட்டனர்.

அதே 1960 இல்தான் கருத்தடை மாத்திரைக்கு அமெரிக்க அரசு அனுமதி வழங்கியது. லொரெட்டாவுக்கு அது காலங்கடந்து வந்த மாத்திரை. 1964 இல் இரட்டைப் பெண் குழந்தைகளும் பிறக்க, பிள்ளைகள் அறுவராயினர். அந்த மாத்திரையைப் பற்றிய பாடலொன்றை அவர் 1972 இல் ஒலிப்பதிவு செய்தார். எழுதியவர்கள் வேறு சிலர். ஆனால், ஆண்டுதோறும் கருவுற்றுச் சலித்துப்போன மனைவியின் குரலில் அதைப் பாடும் தகுதி அவரிடமே இருந்தது. மூன்று வருடங்கள் முடக்கி வைக்கப்பட்டிருந்த பாடல் 1975 இல் வெளிவந்ததும் பல வானொலி நிலையங்கள் அதைத் தடை செய்தன. குடிப்பதையும் பிறன்மனை நாடுவதையும் ஆண்கள் பாடியபோது கூச்சப்படாத அதே நிலையங்கள்! அதையும் மீறி, கிராமிய இசைப் பட்டியலில் பாடல் ஐந்தாம் இடத்தைப் பிடித்தது. அரசாங்கத்தின் பிரசுரங்கள் எட்டாத ஊர்களுக்கும் செய்தியைக் கொண்டுசென்றது அந்தப் பாடலே என்று நாட்டுப்புற மருத்துவர்கள் தம்மைப் பாராட்டியதாக லொரெட்டா பின்னர் கூறினார்.

தாய்மையைத் தெய்வ நிலைக்கு உயர்த்திவைத்து அதற்குமேல் ஒரு சொல்லும் பேசாமலிருப்பது எமது சமூகத்துக்கும் பழக்கமானதே. லொரெட்டா அதை வேலையாக, களைப்பாக, சில வேளைகளில் சிரிப்பாகவும் பாடினார். பிள்ளைகளை அவர் நேசிக்கவில்லை என்று இதிலிருந்து எவரும் முடிவுகட்டத் தேவையில்லை. குடும்பத்துக்குச் சோறு போட்டது அவரது கச்சேரிப் பயணங்கள்தான். அந்தப் பயணங்களின் காரணமாக இரட்டைக் குழந்தைகள் வளர்ந்ததைத் தாம் அருகிலிருந்து பார்க்கவில்லை என்பதை அவர் ஒளித்ததில்லை. 1984 இல் மூத்த மகன் ஆற்றில் மூழ்கி இறந்தபோது தாய் சுற்றுப்பயணத்தில் களைத்து விழுந்து வேறொரு மாநிலத்தில் மருத்துவமனையில் இருந்தார். இதற்கு எந்தக் கலைத் தத்துவமும் ஆறுதல் சொல்லிவிட முடியாது. அவரும் அப்படியொன்றைச் சொல்ல முற்படவில்லை.

பத்திரிகைக்காரன் என்ற வகையில் ஒரு விடயத்தை நான் விட்டுவிட முடியாது. பதின்மூன்று வயதில் மணம் முடித்ததாகவே லொரெட்டாவின் புகழ்பெற்ற சுயசரிதையும் 1980 இல் வெளிவந்த திரைப்படமும் உலகுக்குச் சொல்லின. 2012 இல் அசோசியேட்டட் பிரஸ் செய்தி நிறுவனம் பிறப்பு, திருமணப் பதிவுகளைத் தேடியெடுத்து, வயது பதினைந்து என்று நிறுவியது. தம்மைப் பற்றி இவ்வளவு வெளிப்படையாகப் பாடிய பெண் வயதில் மட்டும் மூன்று வருடங்களைக் குறைத்து வைத்திருந்தார். சிலர் இதைப் பெரிய மோசடியாகக் காட்டினார்கள். செய்தி சரியானது, வெளியிட்டதும் சரியானதே. ஆனால் பதினைந்து வயதுச் சிறுமி மனைவியான கொடுமை அந்த இரண்டு வருடத் திருத்தத்தால் குறைந்துவிடுகிறதா என்ன?

வயதை மறைத்தவர் பேச்சை மறைக்கவில்லை என்பதுதான் எனக்கு வியப்பு. நாகரிகமான உச்சரிப்புக்கு மாறாமல் மலைக் கிராமத்துக் கொச்சையிலேயே கடைசிவரை பாடினார், பேசினார். 1972 இல் கிராமிய இசைச் சங்கத்தின் அதியுயர் விருதை முதல் பெண்ணாக வென்றபோதும், 2013 இல் ஜனாதிபதி ஒபாமாவிடம் சுதந்திரப் பதக்கம் பெற்றபோதும் அதே பேச்சு. இறப்பதற்கு முந்திய வருடம், 2021 இல், தமது ஐம்பதாவது இசைத்தொகுப்பை வெளியிட்டார். இன்னமும் தாம் போதுமான அளவு பெண்தான் என்று பொருள்படும் தலைப்பு அதற்கு. அப்போது அவருக்கு வயது 88, பதிவேட்டின்படியே.