நாளுக்கொரு காரணம் சொல்லும் ஒன்றிய அரசு: கண்டன அறிக்கை

மழைநீர் வடிகாலுக்கும் குடிநீருக்கும் குரல் கொடுக்கும் குடியிருப்போர் நலச் சங்கத்துக்கு செல்போன் விவகாரத்தில் என்ன வேலை என்று சிலர் கேட்டார்கள். அந்த செல்போன் எங்கள் சட்டைப்பையில்தானே இருக்கிறது?

2025 நவம்பர் 28 அன்று ஒன்றியத் தொலைத்தொடர்புத் துறை ஓர் உத்தரவு போட்டது. 90 நாளுக்குள் எல்லாப் புதுப் போனிலும் அரசின் 'சஞ்சார் சாத்தி' செயலி ஏற்றப்பட வேண்டும். அதை முடக்க வழி இருக்கக் கூடாது. போனின் அடையாள எண்ணான ஐ.எம்.இ.ஐ.யில் போலிகளைத் தடுக்கவாம். எதிர்ப்பு கிளம்பியதும், வேண்டாதவர்கள் அழித்துக்கொள்ளலாம் என்றார் அமைச்சர் ஜோதிராதித்ய சிந்தியா. டிசம்பர் 3 அன்று உத்தரவே வாபஸ்: மக்கள் தாமாகவே தரவிறக்குகிறார்களாம், கட்டாயம் தேவையில்லையாம். ஆறு நாளில் மூன்று பேச்சு. தவறு செய்துவிட்டோம் என்று சொல்ல மட்டும் வாய் வரவில்லை.

போன்களை வேவு பார்க்கும் பெகாசஸ் மென்பொருள் விவகாரத்திலும் இப்படித்தான் பேச்சு மாறியது. 2021 ஜூலையில் நாடாளுமன்றத்தில், சட்டவிரோத ஒட்டுக்கேட்புக்கு இங்கே வழியே இல்லை என்றார்கள். உச்ச நீதிமன்றம் கேட்டபோது, தேசப் பாதுகாப்பு, விவரம் சொல்ல முடியாது என்றார்கள்.

ஒட்டுக்கேட்க நினைத்த காரணமெல்லாம் போதாது. 1885 தந்திச் சட்டம் பொது அவசரநிலை, பொதுப் பாதுகாப்பு என்ற இரண்டு நிலைமைகளில்தான் ஒட்டுக்கேட்க அனுமதித்தது. 2011இல் ஒரு லஞ்ச வழக்குக்காக ஒன்றிய உள்துறை கொடுத்த ஒட்டுக்கேட்பு உத்தரவை, ரகசியக் குற்றப் புலனாய்வு இந்த இரண்டுக்குள்ளும் அடங்காது என்று 2025 ஜூலை 2 அன்று சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் ரத்து செய்தார். ஒட்டுக்கேட்ட பதிவுகளை, இத்தகைய உத்தரவுகளைச் சரிபார்க்கும் மறுஆய்வுக் குழுவின் முன் வைக்கக்கூட இல்லை. லஞ்சத்தைப் பிடிக்க வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை. சட்டத்தில் இல்லாத காரணத்தை இழுத்து நுழைக்காதீர்கள் என்கிறோம்.

வீட்டைச் சோதனை போட வந்தால் 'வாரண்ட் இருக்கா?' என்று கேட்கிறோம். போனை ஒட்டுக்கேட்க ஒன்றிய உள்துறைச் செயலாளர் கையெழுத்தே போதும். மாநில உள்துறைச் செயலாளருக்கும் இந்த அதிகாரம் உண்டு. சரிபார்க்கும் மறுஆய்வுக் குழுவிலும் அதிகாரிகள்தான். அந்தக் குழு ஒவ்வொரு அமர்விலும் 15,000 முதல் 18,000 உத்தரவுகளைப் பார்க்க வேண்டிய நிலை என்று தரவுப் பாதுகாப்பு பற்றிய ஸ்ரீகிருஷ்ணா குழு 2018இல் எழுதியது. எப்படிப் பார்த்திருப்பார்கள்?

நாளுக்கொரு காரணம் சொல்லி மக்களின் போனுக்குள் நுழைவதை எங்கள் சங்கம் வன்மையாகக் கண்டிக்கிறது. நீதிபதியின் அனுமதி இல்லாமல் எந்த போனையும் ஒட்டுக்கேட்கக் கூடாது. எத்தனை ஒட்டுக்கேட்பு உத்தரவு போட்டார்கள் என்பதை ஒன்றிய அரசும் தமிழ்நாடு அரசும் ஆண்டுதோறும் வெளியிட வேண்டும்.

அறிக்கையின் நகலை ஸ்ரீபெரும்புதூர் நாடாளுமன்ற உறுப்பினருக்கு விரைவுத் தபாலில் அனுப்புகிறோம். 2023 அஞ்சல் சட்டப்படி அதையும் பிரித்துப் பார்க்கலாம். பார்க்கட்டும்.

தலைவர், செயலாளர்
குடியிருப்போர் நலச் சங்கம், இரும்புலியூர்