லம்பி வந்த மாட்டுக்கு வெற்றிலை, மிளகு போதுமா?

காலை ஆறு மணிக்குப் பெரியம்மாவிடமிருந்து வாய்ஸ் மெசேஜ். "பாப்பா, நம்ம லட்சுமி மேல கொப்புளம் கொப்புளமா கிளம்பியிருக்கு. ராத்திரியிலிருந்து தவிட்டுத் தண்ணிகூட குடிக்கல. நெட்டுல பார்த்து ஏதாவது சொல்லேன்."

லட்சுமி கலப்பினப் பசு. நான்கு மாதச் சினை. வேளைக்கு நான்கு லிட்டர் கறக்கும். பெரியம்மா வீட்டில் மளிகைக் கடன், கரன்ட் பில், பேரனின் ட்யூஷன் ஃபீஸ் எல்லாம் அதன் மடியிலிருந்துதான் வருகிறது.

போட்டோவைப் பார்த்ததுமே லம்பி என்று தெரிந்துவிட்டது. தேடியதில் முதலில் வந்த வீடியோ, 'ஏழே நாளில் லம்பி காலி! டாக்டரே தேவையில்லை!' என்றது. பஸ்ஸைப் பிடிக்கிற அவசரம். முழுவதும் பார்க்காமலே பெரியம்மாவுக்கு ஃபார்வேர்டு செய்துவிட்டேன். செய்திகளைச் சரிபார்த்துப் போடுவதுதான் என் வேலை. அன்றைக்கு அதைச் செய்யவில்லை.

நான்காம் நாள் மறுபடி போன் வந்தபோது லட்சுமி எழுந்து நிற்கவே இல்லை.

இந்த வாரம் இந்தப் பகுதியில் மாட்டு வைத்தியம் வந்திருப்பதற்குக் காரணம் அந்த ஃபார்வேர்டுதான்.

லம்பி என்றால் என்ன?

தோல் கழலை நோய் என்று கால்நடைத் துறையினர் சொல்வார்கள். பெரியம்மை, கட்டி நோய் என்று ஊருக்கு ஒரு பெயர். வெள்ளாட்டு அம்மை, செம்மறி ஆட்டு அம்மை ஆகியவற்றை உண்டாக்கும் வைரஸ்களின் நெருங்கிய உறவுக்கார வைரஸ் இது.

1929-ல் ஆப்பிரிக்காவில், இன்றைய ஜாம்பியாவில் முதன்முதலில் கண்டறியப்பட்டது. இந்தியாவில் 2019-ல் ஒடிசாவில் தலைகாட்டியது. 2022-ல் ராஜஸ்தான், குஜராத் பக்கம் பெரிய அலையாக அடித்தது. அந்த ஆண்டில் மட்டும் நாட்டில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மாடுகள் இறந்துபோயின.

முதலில் கடும் காய்ச்சல் வரும். கண்ணிலும் மூக்கிலும் நீர் வடியும். தீனி குறையும், பால் சட்டென்று இறங்கும். பிறகு கழுத்து, முதுகு, மடி, கால் என்று உடம்பெங்கும் கெட்டியான கட்டிகள் எழும்பும். கால் வீங்கி நடக்க முடியாமல் போகும். சில மாடுகளுக்கு வாய்க்குள்ளும் தொண்டையிலும் புண் வரும். சினை மாட்டுக்குக் கரு கலையவும் வாய்ப்புண்டு.

கடிக்கும் ஈ, கொசு, உண்ணி ஆகியவைதான் இதை முக்கியமாகப் பரப்புகின்றன. மனிதர்களுக்கு இது தொற்றாது.

'அம்மை வந்தா ஊசி கூடாது'

வீடியோ ஒருபக்கம் இருக்கட்டும். பெரியம்மா டாக்டரைக் கூப்பிடாததற்கு இன்னொரு காரணமும் இருந்தது. பக்கத்து வீட்டுப் பாட்டி வந்து பார்த்துவிட்டு, "அம்மா இறங்கியிருக்கா. மூணு தண்ணி ஊத்துற வரைக்கும் ஊசி, மாத்திரைன்னு போயிடாத" என்று சொல்லிவிட்டார். தொழுவத்தின் வாசலில் வேப்பிலை கட்டியாகிவிட்டது.

வேப்பிலை கட்டியதில் தப்பே இல்லை. தள்ளிப்போட்டதுதான் தப்பு. லம்பியில் பல மாடுகளைச் சாய்ப்பது வைரஸ் மட்டுமல்ல. அது உண்டாக்கிய புண் வழியாகப் புகும் பாக்டீரியாவும், நுரையீரலில் வரும் சளிக்காய்ச்சலும், பட்டினியும்தான். இந்த மூன்றையும் ஆரம்பத்தில் பிடித்தால் சமாளிக்கலாம்.

அப்படியானால் மூலிகை வைத்தியம் பொய்யா?

இல்லை. லம்பி வைரஸைக் கொல்ல இங்கிலீஷ் மருந்திலும் தனியாக ஒன்று கிடையாது. காய்ச்சலைக் குறைப்பது, வீக்கத்தைக் குறைப்பது, புண்ணில் சீழ் பிடிக்காமல் காப்பது, மாட்டைத் தின்ன வைப்பது என்பதுதான் டாக்டர் செய்யும் சிகிச்சையும்.

மூலிகைக்கும் இதில் இடம் இருக்கிறது. தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய பேராசிரியர் புண்ணியமூர்த்தி, பல ஆண்டுகளாக மரபுவழி மாட்டு வைத்தியத்தைத் தொகுத்து, அளவு குறித்துப் பரப்பி வருபவர். தேசிய பால்வள வாரியமும் இந்த வைத்திய முறைகளைப் பால் உற்பத்தியாளர்களிடம் கொண்டுசேர்த்து வருகிறது. லம்பிக்கு அப்படிப் பரிந்துரைக்கப்பட்ட முறை இது.

உள்ளுக்கு (ஒரு வேளைக்கு):

வெற்றிலை 10, மிளகு 10 கிராம், கல் உப்பு 10 கிராம். அரைத்து, தேவையான அளவு வெல்லம் சேர்த்துப் பிசைந்துகொள்ள வேண்டும். முதல் நாள் மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை. இரண்டாம் நாளிலிருந்து தினம் மூன்று வேளை, இரண்டு வாரம் வரை. ஒவ்வொரு வேளைக்கும் புதிதாக அரைக்க வேண்டும்.

புண்ணுக்கு மேல்பூச்சு:

குப்பைமேனி, வேப்பிலை, துளசி, மருதாணி இலை தலா ஒரு கைப்பிடி, பூண்டு 10 பல், மஞ்சள் தூள் 20 கிராம். அரைத்து, அரை லிட்டர் தேங்காய் எண்ணெய் அல்லது நல்லெண்ணெயில் போட்டுக் காய்ச்சி, நன்றாக ஆறவிட வேண்டும். புண்ணைச் சுத்தம் செய்து துடைத்த பிறகு பூசலாம். புண்ணில் புழு வைத்திருந்தால் முதல் நாள் மட்டும் சீத்தாப்பழ இலையை அரைத்துப் பூசுவார்கள். அல்லது தேங்காய் எண்ணெயில் கற்பூரம் கலந்து விடுவார்கள்.

எல்லாம் நம் கொல்லையிலும் அஞ்சறைப் பெட்டியிலும் இருப்பவைதான். டாக்டர் வருவதற்குள் கைவைத்தியமாகத் தொடங்கலாம். வந்த பிறகு, என்ன கொடுத்தோம், எத்தனை வேளை கொடுத்தோம் என்று மறைக்காமல் சொல்லிவிட வேண்டும்.

லட்சுமிக்கு எங்கே தப்பு நடந்தது?

வீடியோவில் மூலிகைகளின் பெயர் ஓரளவு சரியாகத்தான் இருந்தது. எப்படிக் கொடுப்பது என்ற இடத்தில்தான் கோளாறு. அரைத்ததைத் தண்ணீரில் கரைத்து, மாட்டின் தலையைத் தூக்கிப் பிடித்து மூங்கில் குழாயில் ஊற்றச் சொல்லியிருந்தார்கள். பெரியம்மாவும் பெரியப்பாவும் அப்படியே செய்திருக்கிறார்கள்.

லம்பி வந்த மாட்டுக்குத் தொண்டையில் புண் இருக்கலாம், விழுங்கவே சிரமப்படும். ஊற்றுவது இரைப்பைக்குப் போகாமல் மூச்சுக்குழாயில் இறங்கினால் புரையேறி, நுரையீரலில் சளிக்காய்ச்சல் வந்துவிடும். லட்சுமி இரண்டாம் நாளே இருமத் தொடங்கிவிட்டது. 'நோய் வெளியேறுது' என்று இவர்கள் நினைத்துக்கொண்டார்கள்.

வந்து பார்த்த கால்நடை மருத்துவர் பெரியம்மாவைத் திட்டவில்லை. "வெத்தலை, மிளகு கொடுத்தது தப்பில்லம்மா. ஊத்தினதுதான் தப்பு. நாலு நாள் காத்திருந்தது அதைவிடத் தப்பு" என்றார்.

உருண்டையைச் சிறிது சிறிதாகக் கிள்ளி நாக்கில் தடவ வேண்டும். மாடு தானாக நக்கி விழுங்கட்டும். தலையைத் தூக்கவும் கூடாது, எதையும் ஊற்றவும் கூடாது. அந்த வீடியோவில் இல்லாத வரி இதுதான்.

'எங்க மாடு இதுலதான் பொழைச்சுது'

ஒவ்வொரு வைத்திய வீடியோவுக்குக் கீழும் இப்படிச் சொல்பவர்கள் இருப்பார்கள். அவர்கள் பொய் சொல்லவில்லை. ஆனால், லம்பி வந்த மாடுகளில் பொதுவாக நூற்றுக்கு ஒன்று முதல் ஐந்து வரைதான் இறக்கின்றன. மீதி மாடுகளில் பெரும்பாலானவை சில வாரங்களில் தேறிவிடும். அந்தச் சமயத்தில் எதைக் கொடுத்திருந்தாலும், கொடுத்ததுதான் காப்பாற்றியதாகத் தோன்றும். தவிட்டுத் தண்ணீர் மட்டும் கொடுத்தவரும் அதையே வைத்தியம் என்று சொல்லலாம்.

மாட்டைப் பறிகொடுத்தவர் வீடியோ போடுவதில்லை. அதனால் நம் போனுக்கு வருவதெல்லாம் பிழைத்த மாடுகளின் கதைகள்தான். ஓர் ஊரில் பரவும்போது அந்த ஒன்று முதல் ஐந்து என்ற கணக்கும் கூடலாம். கன்றுகளும் கலப்பின மாடுகளும் அதிகமாக அவதிப்படும். நம் தொழுவத்தில் இருப்பது ஒரே மாடு என்றால், இந்தச் சதவிகிதக் கணக்கில் நமக்கு என்ன ஆறுதல்?

கட்டாயம் செய்ய வேண்டியவை

* காய்ச்சலும் கட்டியும் தெரிந்த அன்றைக்கே கால்நடை மருத்துவருக்குச் சொல்லுங்கள். தமிழ்நாட்டில் 1962-க்கு அழைத்தால் நடமாடும் கால்நடை மருத்துவ ஊர்தியின் உதவி கிடைக்கும்.

* நோய் வந்த மாட்டைத் தனியாகக் கட்டுங்கள். தண்ணீர்த் தொட்டி, தீவன வாளி எல்லாம் தனி. அதைக் கவனிப்பவர் கைகால் கழுவாமல் மற்ற மாடுகளிடம் போகக் கூடாது. முடிந்தால் அதைக் கடைசியாகக் கறக்கலாம்.

* மேய்ச்சலுக்கோ சந்தைக்கோ ஓட்டிப் போகாதீர்கள். நோய் மாட்டை விற்றுத் தள்ளுவது அடுத்த ஊருக்கு நோயை அனுப்பி வைப்பதற்குச் சமம்.

* ஈ, கொசுவை விரட்டுங்கள். சாணமும் மூத்திரமும் தேங்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். சாயங்காலம் வேப்பிலை, நொச்சி போட்டு மூட்டம் போடலாம். மாட்டுக்கு மூச்சுத் திணறாத அளவுக்கு மட்டும்.

* பச்சைப் புல், கஞ்சி, சுத்தமான தண்ணீர் என்று மிருதுவானதைக் கொடுங்கள். தின்னுகிற மாடுதான் தேறும்.

கூடவே கூடாதவை

கட்டியைக் கீறுவது, சூடு போடுவது, புண்ணில் மண்ணெண்ணெயோ கழிவு ஆயிலோ ஊற்றுவது, மெடிக்கல் ஷாப்பில் கேட்டு நாமே ஊசி போடுவது. ஒரு மாட்டுக்குக் குத்திய ஊசியை அடுத்த மாட்டுக்குக் குத்தினால், ஈ செய்கிற வேலையை நாமே செய்வதாகிவிடும்.

பாலைக் குடிக்கலாமா?

மாடு வைத்திருக்காதவர்களும் கேட்கிற கேள்வி இது. நன்றாகக் காய்ச்சிய பாலைப் பயமில்லாமல் குடிக்கலாம். ஆனால், ஆன்டிபயாடிக் ஊசி போட்டிருந்தால் மருத்துவர் சொல்லும் நாள்வரை அந்தப் பாலை வீட்டுக்கும் எடுக்கக் கூடாது, சொசைட்டிக்கும் ஊற்றக் கூடாது.

மூலிகையால் முடியாத ஒன்று

வரும் முன் காப்பது தடுப்பூசிதான். இந்தியாவில் வெள்ளாட்டு அம்மைத் தடுப்பூசியையே மாடுகளுக்கு லம்பி வராமலிருக்கப் போடுகிறார்கள். உறவுக்கார வைரஸ் என்பதால் அது இதற்கும் பாதுகாப்புத் தருகிறது. லம்பிக்கென்றே ஹிசார், இஜத்நகர் ஆராய்ச்சி நிலையங்கள் உருவாக்கிய இந்தியத் தடுப்பூசி 2022 ஆகஸ்ட்டில் அறிமுகம் செய்யப்பட்டது.

நோய் வராத, திடமான மாட்டுக்குத்தான் தடுப்பூசி. கட்டி கிளம்பிய பிறகு போட்டுப் பயனில்லை. போட்ட உடனேயும் பாதுகாப்பு வந்துவிடாது. சுமார் மூன்று வாரமாகும். சினை மாடு, இளங்கன்று என்றால் எப்போது போடலாம் என்று மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

பெரியம்மா ஊருக்கு முகாம் வந்திருந்தது. "ஊசி போட்டா ரெண்டு நாளைக்குப் பால் குறையும்" என்று யாரோ சொல்ல, இவர் லட்சுமியை ஓட்டிப் போகவில்லை.

லட்சுமி என்ன ஆனது?

பிழைத்துக்கொண்டது. மருத்துவர் ஐந்து நாள் வந்து ஊசி போட்டார். பெரியம்மா வெற்றிலை உருண்டையை நாக்கில் தடவுவதையும், குப்பைமேனி எண்ணெய் பூசுவதையும் அவர் சொன்னபடியே தொடர்ந்தார். புண் ஆறிய இடங்களில் இன்னும் முடி முளைக்கவில்லை. பால் இப்போது வேளைக்கு இரண்டு லிட்டர்தான்.

கரு தங்கவில்லை.

லம்பியால் கலைந்ததா, நான்கு நாள் தாமதத்தால் கலைந்ததா என்று மருத்துவராலும் பிரித்துச் சொல்ல முடியவில்லை. பெரியம்மா என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. "நீ நல்லதுக்குத்தானே பாப்பா அனுப்புன" என்றார். திட்டியிருந்தால்கூட இவ்வளவு உறுத்தியிருக்காது.

போன வாரம் அதே தெருவில் இன்னொரு வீட்டு மாட்டுக்குக் கட்டி தெரிந்திருக்கிறது. பெரியம்மாதான் முதலில் போய்ப் பார்த்தாராம். அந்த வீட்டுப் பெண் கொல்லைக்கு வெற்றிலை பறிக்கப் போக, கையைப் பிடித்து நிறுத்தியிருக்கிறார்.

"வெத்தலை எங்கேயும் ஓடிடாது. முதல்ல டாக்டருக்குப் போனைப் போடு. அவர் வர்றதுக்குள்ள நாம அரைச்சுக்கலாம்."

இந்த முறை எங்கள் குடும்ப குரூப்பில் நான் அனுப்பியது பெரியம்மா சொன்ன இந்த வார்த்தைகளை மட்டும்தான்.